துறவி நண்டும் மனிதக் கையும்

ஐக்கிய அமெரிக்காவின் வீடுகளில் வளர்ப்புப் பிராணியாக வைக்கப்படும் தரைவாழ் துறவி நண்டினை எத்தனை நாளுக்கு ஒருமுறை கையில் எடுக்கலாம் என்னும் வினா, முதற்பார்வைக்கு அற்பமானதாகத் தோன்றலாம். மனித சமுதாயத்தின் பெரும் பிரச்சினைகள் தீர்க்கப்படாதிருக்கையில், உள்ளங்கையில் அடங்கும் ஒரு பிராணி பற்றிய சர்ச்சைக்கு ஓர் ஆண்டிதழிலே இடமளிப்பது தகுமோ எனக் கேட்போரும் இருப்பர். ஆயின், எதிர்த்துப் பேசவியலாத ஓர் உயிரை மனிதர் கையாளும் முறையானது, அன்பு, உடைமை, இன்பம் ஆகிய சொற்களுக்கு அவர்கள் உண்மையிற் கொண்டுள்ள பொருளைப் புலப்படுத்துகின்றது. அவ்வகையில் இவ்வினா நேர்மையான ஆராய்ச்சிக்கு உரியதே.

இவ்வினாவுக்கு இதுகாறும் கூறப்பட்டுவரும் விடைகள் மூவகையின. நண்டு மனிதனுக்குப் பழகவேண்டுமாயின் நாள்தோறும் கையில் எடுத்து விளையாடவேண்டும் என்பது முதலாவது. வாரத்துக்கு ஒருமுறையோ இருமுறையோ, அளவோடு எடுத்தல் தீங்கற்றது என்பது இரண்டாவது. எக்காரணங்கொண்டும் தொடலாகாது, கண்ணாடித் தொட்டிக்கு வெளியே நின்று பார்த்தலே முறை என்பது மூன்றாவது. இவை ஒன்றோடொன்று முரண்படுவனபோற் காணப்படினும், மூன்றும் ஓர் அடிப்படையை ஆராயாமலே ஏற்றுக்கொள்கின்றன. நண்டு அந்த வீட்டில் இருப்பது இயல்பான நிலையென்றும், எஞ்சியிருப்பது தொடுகையின் அளவு பற்றிய பிரச்சினை மட்டுமே என்றும் அவை கருதுகின்றன. அக்கருத்துத் தவறானது. தொடுகையின் அளவைத் தீர்மானிக்கவேண்டியது வளர்ப்போனின் விருப்பமன்று, நண்டின் தேவையே. அத்தேவையை ஆராயப் புகின், நண்டு அவ்வீட்டிற்கு வந்த வழியையும் ஆராயாது விடவியலாது.

முதற்கண் இப்பிராணியின் இயல்பை நோக்கவேண்டும். துறவி நண்டு, சாதாரண நண்டைப் போன்று உடல் முழுவதும் வன்மையான கூடு உடையதன்று. அதன் வயிற்றுப்பகுதி மென்மையானது, ஒருபுறமாகச் சுருண்டிருப்பது. அம்மென்மையைக் காக்கும்பொருட்டு, இறந்துபட்ட நத்தையின் வெற்றோட்டினுட் புகுந்து அது வாழ்கின்றது. உடல் வளருந்தோறும் பெரிய ஓட்டை நாடிக் குடிபெயர்கின்றது. இவ்வகை நண்டுகளுட் பெரும்பாலானவை கடலிலேயே வாழ்வன. சீனோபிற்றா என விலங்கியலார் வழங்கும் குழுவைச் சேர்ந்தவை தரையில் வாழத் தலைப்பட்டன. இலங்கையின் மணற்கரைகளிலும் இக்குழுவின் இனங்கள் உண்டு. அமெரிக்கச் சந்தையிற் பெரிதும் விற்கப்படுவது கரீபியன் தீவுகளிலும் புளோரிடாவின் தென்கோடியிலும் வாழும் சீனோபிற்றா கிளைப்பியேற்றஸ் என்னும் இனமாகும்.

தரைக்கு வந்தபோதும் இந்நண்டு கடலை முற்றாகக் கைவிட்டதில்லை. அதன் பூக்கள், அதாவது செவுள்கள், ஈரமாக இருக்கும்வரையிலேயே பயன் தருவன. மெல்லிய வயிற்றுத் தோலும் சுவாசத்திற்கு உதவுகின்றது, அதுவும் உலரலாகாது. இதன்பொருட்டே ஓட்டினுள் அது சிறிது நீரைச் சுமந்து திரிகின்றது. உலர்ந்த காற்றில் நெடுநேரம் வைக்கப்படும் நண்டு மெல்லமெல்ல மூச்சுத் திணறி இறக்கின்றது. தொட்டியின் சார் ஈரப்பதன் 70 முதல் 80 சதவீதம்வரை இருத்தல் வேண்டும் எனவும், நன்னீர், உப்புநீர் ஆகிய இரண்டும் வைக்கப்படல் வேண்டும் எனவும் அனுபவமிக்க வளர்ப்போர் வற்புறுத்துவது இக்காரணம் பற்றியே. வெப்பமூட்டப்பட்ட அறையில் உள்ள மனிதனின் உலர்ந்த உள்ளங்கை, இந்நண்டைப் பொறுத்தவரை ஒரு பாலைநிலமேயாகும்.

'துறவி' என்னும் பெயரும் பொருந்துவதன்று. இந்நண்டுகள் கூட்டமாக வாழ்பவை. பெரிய வெற்றோடு ஒன்று கரையில் ஒதுங்குமிடத்து, சில வேளைகளிற் பல நண்டுகள் பருமன் வரிசையில் ஒன்றன்பின் ஒன்றாக அணிவகுத்து நிற்கும். முதல் நண்டு புதிய ஓட்டினுட் புகுந்ததும், அது விட்ட ஓட்டினுள் அடுத்தது புகும். அதன் ஓட்டினுள் அதற்கடுத்தது புகும். மனிதர் வீடு மாறும்போது ஏற்படும் வெற்றிடத் தொடர்களை ஆராய்ந்துவந்த அமெரிக்கச் சமூகவியலாளர் ஐவன் சேஸ், 1980களில் இத்தொடர்களை நண்டுகளிடையேயும் ஆராய்ந்தமை குறிப்பிடத்தக்கது. சமூகவியலாளன் ஒருவனின் கருத்தைக் கவருமளவுக்குக் கூட்டு வாழ்க்கை உடைய ஒரு பிராணிக்குத் துறவியென்று பெயர் சூட்டி, தனிக்கூட்டில் இட்டு, அதன் தனிமையைப் போக்குதற்குத் தன் கையே போதுமென மனிதன் கருதுவது வேடிக்கையன்றி வேறென்ன?

இந்நண்டு சந்தைக்கு வரும் வழி அடுத்து நோக்கத்தக்கது. பெண் நண்டு முட்டைகளைக் கடலோரத்தில் விடுகின்றது. அவற்றிலிருந்து வெளிவரும் குடம்பிகள் கடல்நீரில் மிதந்து, பல பருவங்களைக் கடந்த பின்னரே சிற்றோடு தேடிக் கரையேறுகின்றன. இச்சிக்கலான வாழ்க்கைவட்டத்தைத் தொட்டியில் நிறைவேற்றுதல் மிகக் கடினம். ஆர்வலர் சிலர் பெருமுயற்சியின் பின் சிறு வெற்றி கண்டுள்ளனராயினும், சந்தையின் தேவையை நிறைவு செய்யும் அளவுக்கு இந்நண்டு எங்கும் இனம்பெருக்கப்படுவதில்லை. எனவே கடையிலுள்ள நண்டு ஏறக்குறைய எப்போதும் ஏதோ ஒரு கரையிலிருந்து பிடித்துவரப்பட்ட நண்டேயாகும்.

நியூ ஜேர்சி, மேரிலாந்து ஆகிய மாநிலங்களின் உல்லாசக் கடற்கரைகளில் மரப்பலகை நடைபாதை ஓரத்துக் கடைகளில் இவை விற்கப்படுகின்றன. உதைபந்தின் வடிவமும் கேலிச்சித்திர முகங்களும் தீட்டப்பட்ட ஓடுகளினுள் அவை அடைக்கப்பட்டுள்ளன. கம்பிக்கூட்டை வாங்குவோருக்கு நண்டு இலவசம் என்னும் விளம்பரத்தையும் காணலாம். இவ்விளம்பரத்தின் பொருளாதாரம் சிந்தனைக்குரியது. உயிருள்ள பொருள் இலவசம். உயிரற்ற கூட்டிற்கே விலை. ஈரத்தைத் தாங்கவியலாத அக்கூட்டில் நண்டு சில வாரங்களிலோ மாதங்களிலோ இறந்துபடுமாயின், வாங்கியவன் அதன் ஆயுள் அவ்வளவே என எண்ணி அமைகின்றான். உண்மையில், தக்க நிலையில் இந்நண்டு 30 ஆண்டுகளுக்கும் மேலாக வாழவல்லது. முப்பதாண்டு வாழவேண்டிய உயிரை விடுமுறைக்கால விளையாட்டுப் பொருளாக்கும் சந்தைக்கு, 'கையில் எடுத்து விளையாடலாம்' என்னும் வாக்குறுதி இன்றியமையாதது. தொட்டு மகிழவியலாத ஒன்றை நடைபாதையிற் செல்லும் குழந்தைக்கு விற்றல் எளிதன்று. ஆகவே தொடுகை பற்றிய போதனை விலங்கியலிலிருந்து பிறந்ததன்று, விற்பனையிலிருந்து பிறந்ததாகும்.

* * *

கையில் எடுப்பதை ஆதரிப்போர் கூறும் நியாயங்களுள் முதன்மையானது, நண்டு பழகிவிடுகின்றது என்பதாகும். முதல்நாள் தொட்டவுடன் ஓட்டினுள் ஒடுங்கிய நண்டு, பத்தாம் நாள் ஒடுங்காமற் கையின்மேல் ஊர்கின்றது. ஆகவே அது வளர்ப்போனை அறிந்து விரும்புகின்றது என்பர். இங்கு நிகழ்ந்திருப்பது என்ன? ஒரு தூண்டல் மீண்டும் மீண்டும் நிகழ, அதனால் உடனடித் தீங்கு விளையாதவிடத்து, அதற்கான தூண்டற்பேறு படிப்படியாகக் குறைகின்றது. இது விலங்குலகம் எங்கும் காணப்படும் எளிய கற்றல் முறையாகும். வீதியோரம் வாழ்பவன் பேருந்தின் இரைச்சலைப் பொருட்படுத்தாது உறங்கப் பழகுகின்றான். அதனால் அவன் பேருந்தின்மீது காதல் கொண்டுவிட்டான் எனக் கூறுவார் எவருமில்லை.

அன்றியும், ஒடுங்காமை எப்பொழுதும் அமைதியின் அடையாளமன்று. 2010இல் வெளியான ஓர் ஆய்வு இவ்விடத்து நினைவுகூரத்தக்கது. கரீபியன் கடலின் வேர்ஜின் தீவுகளில் இதே இனத்து நண்டுகளுக்கு விசைப்படகின் இரைச்சல் ஒலிபரப்பப்பட்டபோது, இரைகௌவியைப் போன்று நெருங்கிவந்த பொருளை அவை வழக்கத்தினும் அண்மையில் வரவிட்ட பின்னரே ஒடுங்கின. இரைச்சல் அவற்றின் கவனத்தைச் சிதறடித்தது என்பதே ஆய்வாளரின் விளக்கம். தாமதித்து ஒடுங்கிய அந்நண்டுகள் நெருங்கிவந்த பொருளின்மீது நம்பிக்கை கொண்டனவென எவரேனும் கூறுவரோ? வீட்டு நண்டின் நிலையும் இத்தகையதே. கையின்மேல் அது ஓயாது ஊர்வது வெளியேறும் வழி தேடுவதாக இருக்கலாம். விரலை இறுகப் பற்றுவது, மரமேறிப் பழகிய பிராணி கீழே விழாமைக்குச் செய்யும் முயற்சியாக இருக்கலாம். ஓட்டிலிருந்து பாதி வெளிவந்து கால்கள் தளர்ந்து தொங்கும் நண்டைச் 'சாதுவானது' எனப் பாராட்டும் வளர்ப்போன், பல வேளைகளில் உலர்ந்து இறந்துகொண்டிருக்கும் ஓர் உயிரையே பாராட்டுகின்றான்.

இரண்டாவது நியாயம் முதலாவதற்கு நேர்மாறானது. நண்டு முள்ளந்தண்டிலி, அதற்கு உணர்ச்சியில்லை, அதன் அசைவெல்லாம் தெறிவினைகளே, ஆகவே எத்தனை முறை எடுத்தாலும் கேடில்லை என்பதாகும். விலங்குகளை இயந்திரங்களெனக் கருதிய தெக்காட்டின் 17ஆம் நூற்றாண்டுக் கொள்கையின் எச்சமே இது. ஒரே மனிதர் காலையில் நண்டு தன்னை விரும்புகின்றதெனவும், மாலையில் அதற்கு உணர்ச்சியே இல்லையெனவும் பேசுவதைக் காணலாம். அன்பு காட்டும் ஆற்றலை நண்டுக்கு வழங்கி, துன்புறும் ஆற்றலை மறுக்கும் இவ்விந்தைத் தத்துவம், எடுப்பவனுக்கு இருவகையிலும் வசதியானது.

இதற்கு ஆய்வுகூடம் அளிக்கும் விடை வேறு. பெல்பாஸ்ற் நகரின் குயீன்ஸ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த றொபேட் எல்வூட், மிர்யம் அப்பெல் ஆகியோர் கடல்வாழ் துறவி நண்டுகளை ஆராய்ந்து 2009இல் வெளியிட்ட முடிவுகள் பெரிதும் பேசப்பட்டன. ஓட்டினுட் பொருத்திய கம்பிகள் வழியாக நண்டின் வயிற்றில் சிறு மின்னதிர்ச்சி கொடுக்கப்பட்டது. வெறும் தெறிவினையாயின் எல்லா நண்டுகளும் ஒரே வகையில் ஓட்டைவிட்டு வெளியேறியிருத்தல் வேண்டும். ஆனால், தமக்கு விருப்பமான இன ஓட்டில் இருந்தவை, விருப்பம் குறைந்த ஓட்டில் இருந்தவற்றைக் காட்டிலும் வெளியேறத் தயங்கின. வெளியேறாது பொறுத்துக்கொண்ட நண்டுகளுக்குப் புதிய ஓடு காட்டப்பட்டபோது, அதிர்ச்சி பெறாதவற்றைவிட விரைவாக அதனை நாடி, குறைவாகவே சோதித்துப் பார்த்து உட்புகுந்தன. நல்ல வீட்டின் பெறுமதியை வேதனையோடு ஒப்புநோக்கி முடிவெடுக்கும் செயலாகவே இது தோன்றுகின்றது. நண்டின் அகவுணர்வை இது ஐயத்திற்கிடமின்றி நிறுவிவிட்டதெனக் கூறலாகாது. எல்வூட்டும் அவ்வாறு கூறினாரல்லர். ஆயின் தெறிவினை என்னும் ஒரு சொல்லால் இப்பிரச்சினையை முடித்துவைத்த காலம் கடந்துவிட்டது.

தத்துவ உலகிலும் சட்ட உலகிலும் இம்மாற்றம் பிரதிபலித்துள்ளது. 1975இல் வெளிவந்த 'விலங்கு விடுதலை' என்னும் நூலில் பீற்றர் சிங்கர், துன்புறும் உயிர்களின் எல்லைக்கோட்டை இறாலுக்கும் சிப்பிக்கும் இடையில் எங்கேனும் வரையலாம் எனக் கருதினார். இறாலின் உறவினமான துறவி நண்டு அக்கோட்டின் எப்பக்கத்தில் நிற்குமென்பது வெளிப்படை. 2021இல் இலண்டன் பொருளியற் கல்லூரியின் ஜோனதன் பேர்ச் தலைமையிலான குழு, பத்துக்காலிகளின் உணர்திறனுக்குரிய சான்றுகளைத் தொகுத்து அறிக்கை அளித்தது. 2022இல் பிரித்தானியா இயற்றிய விலங்கு உணர்திறன் சட்டம் நண்டினத்தையும் தன்னுள் அடக்கியது. அச்சட்டம் அரசின் கொள்கை வகுப்பைப் பற்றியதேயன்றி, வீட்டுத் தொட்டியினுள் நுழையும் கையைக் கட்டுப்படுத்துவதன்று. எனினும், உணர்ச்சியற்ற பொருளென்னும் பழைய வாதத்தை அரச சட்டமே கைவிட்ட பின்னரும், விற்பனையாளன் மட்டும் அதனைப் பற்றிநிற்பது ஏற்கத்தக்கதன்று.

மூன்றாவது நியாயம் கல்வி பற்றியது, மற்றவற்றிலும் மதிப்புடையது. குழந்தை தொட்டுப் பழகினாலன்றி உயிர்களிடத்து இரக்கங் கொள்ளாது என்பர். தமிழிலக்கியம் பயின்றோர் இதற்குத் துணையாக நெய்தற்றிணைப் பாடல்களையும் காட்டலாம். கடற்கரையில் மகளிர் அலவனை அலைத்து ஆடும் விளையாட்டு அப்பாடல்களிற் பயின்றுவருவதன்றோ? ஆயின் அவ்விளையாட்டில் அலவன் தன் மணலில், தன் வளைக்கு அண்மையில் இருந்தது. ஓடித் தப்பும் வாய்ப்பு அதற்கு இருந்தது. பொழுது சாய்ந்ததும் மகளிர் சென்றனர், அலவன் எஞ்சியது. கடலைக் கண்டிராத நகரொன்றின் மேசைமீது, நான்கு கண்ணாடிச் சுவர்களுக்கு இடையே நிகழும் விளையாட்டிற்கு அது முன்னுதாரணமாகாது. தன் விருப்பத்துக்கேற்ப எடுக்கவும் வைக்கவும் கூடிய ஓர் உயிரிடம் குழந்தை கற்பது இரக்கத்தையன்று, உடைமையுணர்வையே. நண்டு தானாக வெளிவரும்வரை அசையாது காத்திருக்கக் கற்பிக்கப்படும் குழந்தை, பிறவுயிர்க்கும் தனக்கென ஒரு நேரமும் விருப்பமும் உண்டு என்பதை அறிகின்றது. இரக்கத்தின் முதற்பாடம் அதுவே.

* * *

தொடுகையின் தீங்கு கொள்கையளவில் நின்றுவிடுவதன்று. இந்நண்டின் வாழ்வில் மிக அபாயமான காலம் புறவன்கூடு கழற்றும் காலமாகும். வளர்ச்சியின்பொருட்டு அது ஈரமணலிற் புதைந்து, பழைய புறவன்கூட்டைக் கழற்றி, மெல்லுடம்போடு கிடந்து, கழற்றிய கூட்டையே உண்டு அதிலுள்ள கல்சியத்தை மீளப் பெறுகின்றது. சிறியவற்றுக்குச் சில வாரங்களும், பெரியவற்றுக்குச் சில மாதங்களும் இதற்குச் செல்லும். அதற்கு முன்னரே நண்டு சோர்ந்து, நிறம் மங்கி, அசைவு குன்றியிருக்கும். நாள்தோறும் எடுத்துப் பழகிய வளர்ப்போன் இச்சோர்வை நோயெனக் கருதி மேலும் எடுத்துச் சோதிக்கின்றான். மணலினுட் புதைந்ததைக் காணாது பதறித் தோண்டியெடுக்கின்றான். அன்பின் பெயரால் நிகழும் அந்த ஒரு செயல் நண்டைக் கொல்லப் போதுமானது. ஓட்டைப் பற்றி இழுத்தால், வெளிவருவதைவிட உடல் பிளவுண்டு இறப்பதே நேரக்கூடும். கடும் அதிர்ச்சியில் நண்டு தன் கால்களைத் தானே உதிர்த்தலும் உண்டு. கையிலிருந்து தரையில் வீழ்வதும், சவர்க்காரமோ வெயிற்காப்புக் களிம்போ படிந்த விரல்களின் தொடுகையும் வேறு கேடுகளாம். இத்தனைக்கும் ஈடாக நண்டு பெறும் நன்மை ஒன்றேனும் உண்டோவெனின், கையில் எடுப்பதை ஆதரிப்போரால் ஒன்றையும் சுட்டிக்காட்ட முடிவதில்லை. நாய் தடவுதலை நாடி வருகின்றது. நண்டு அவ்வாறு நாடி வருவதில்லை.

இனி, எக்காலத்தும் தொடலாகாது என்போரின் நிலை. இவர்களது கருணை மெய்யானதே. ஆயினும் இவர்களது விதி இருவகையிற் குறையுடையது. முதலாவதாக, சிறைப்பட்ட உயிர் சிறைப்படுத்தியவனின் கையைச் சில வேளைகளில் வேண்டிநிற்கின்றது. மணல் அழுகும்போதும், தொட்டி உடையும்போதும், ஓட்டிற்காக ஒன்றையொன்று தாக்கும் நண்டுகளைப் பிரிக்கும்போதும் அதனை எடுத்தேயாகவேண்டும். அவ்வேளைகளில் ஈரமான சுத்தமான கையால், ஓட்டின் பின்புறத்தைப் பற்றி, மணலுக்குச் சற்றே மேலாக, இயன்றளவு விரைவில் இடமாற்றிவிட வேண்டும். புறவன்கூடு கழற்றும் நண்டாயின், உயிராபத்து இருந்தாலன்றித் தொடலாகாது. எத்தனை முறை என்னும் வினாவுக்கு நேரிய விடை இதுவே: நண்டின் தேவை எத்தனை முறை எழுகின்றதோ அத்தனை முறை; வளர்ப்போனின் இன்பத்துக்காக ஒருமுறையும் இல்லை.

இரண்டாவது குறை இன்னும் பெரிது. தொடாமலே பார்த்து மகிழும்பொருட்டு ஒருவன் புதிதாக ஒரு நண்டை வாங்குவானாயின், கரையிலிருந்து அதனை எடுத்த கைக்கு அவனே கூலி கொடுக்கின்றான். அந்நண்டு முதன்முதலாகத் தொடப்பட்டது அவன் வீட்டிலன்று. கரீபியன் கரையில், சாக்கினுள் இடப்பட்ட வேளையில். தான் தொடவில்லை என்னும் தூய்மையுணர்வு அத்தொடுகையை அழித்துவிடாது. யப்பான் தன் நாட்டுத் தரைவாழ் துறவி நண்டுகளை 1970இல் இயற்கை நினைவுச்சின்னமென அறிவித்து, அனுமதியின்றிப் பிடித்தலைத் தடுத்தது. அங்கும் அனுமதி பெற்றோர் பிடித்து விற்பது முற்றாக நின்றுவிடவில்லை என்பது உண்மையே. எனினும் பிரச்சினை தொட்டியில் அன்றிக் கரையிலேயே தொடங்குகின்றது என்பதை அவ்வறிவிப்பு உணர்ந்திருந்தது.

ஏற்கெனவே வீடுகளில் உள்ள நண்டுகளைக் கண்ட கடற்கரையில் விட்டுவிடுதல் தீர்வாகாது. குளிர்நாட்டுக் கரையில் அவை இறந்துபடும். அவற்றை வைத்திருப்போருக்கு ஈரமும், ஆழ்ந்த மணலும், தெரிவு செய்வதற்கு இயற்கை ஓடுகளும், தம்மினத்தின் துணையும் அளித்து, அவற்றின் நீண்ட ஆயுள் முடியும்வரை காக்கும் கடமை உண்டு. அக்கடமையில் விளையாட்டுக்கு இடமில்லை. ஏனையோரின் கடமை அதனிலும் எளிது. நடைபாதைக் கடையில் வர்ணம் பூசிய ஓட்டினைக் குனிந்து நோக்குபவன், அதனை வாங்காது அப்பாற் செல்வானாயின், எத்தனை முறை கையில் எடுக்கலாம் என்னும் வினா அவன் வீட்டில் எழவேண்டிய அவசியமே இராது.